சுவரைப் பார்த்த பிறகு கேமராவை எடுங்கள்

வீடியோ கலை செய்யப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்று. பதிலுக்கு நான் கேட்பது, எந்தச் சுவரில் ஓட்டப் போகிறீர்கள் என்று. சினிமாக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. தியேட்டர் கட்டிக் கிடக்கிறது. திரை, இருட்டு, ஒலி எல்லாம் அங்கே தயார். வீடியோ கலையில் அறையே படைப்பில் பாதி. இந்திய வீடியோ கலைஞர் ரண்பீர் காலேகாவின் பல படைப்புகளில் வீடியோ விழுவது வெள்ளைத் திரையில் இல்லை, அவரே தீட்டிய ஓவியத்தின் மேல். தீட்டிய ஆளும் ஒளியில் அசையும் ஆளும் ஒருவர் மேல் ஒருவர் பொருந்தி நிற்கிறார்கள். நளினி மலானி 2012-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா 13 கலைக் கண்காட்சிக்குச் செய்த படைப்பில் ஆறு வீடியோக்கள், ஓவியம் தீட்டிச் சுழலவிட்ட ஐந்து மைலார் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) உருளைகளின் வழியாகப் பாய்ந்தன. நிழலும் வீடியோவும் கலந்து அறையைச் சுற்றி ஓடின. அமர் கன்வர் 2007-இல் எட்டுத் திரைகளை ஒரே அறைக்குள் ஓடவிட்டார். இதையெல்லாம் மொபைலில் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று சொல்ல முடியாது.

ஆகவே வேலை பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். இடம், சுவர், கரண்ட், பிளேயர், பிறகு எடிட்டிங், கடைசியில்தான் கேமரா. சேலத்துத் தறியையும் ஏற்காட்டுப் பனிமூட்டத்தையும் வைத்தே சொல்கிறேன். கையெட்டும் தூரத்தில் இருப்பவை. இரண்டுமே கேமராவுக்கு வம்பு கொடுப்பவை.

இடம் என்றால் சேலத்தில் என்ன கிடைக்கும்? அம்மாப்பேட்டை, குகை பக்கம் ஓட்டம் நின்ற விசைத்தறிக் கூடம் கிடைக்கலாம். ஏற்காட்டில் மூட்டைகள் இறங்கிப்போன பிறகு காலியாகக் கிடக்கும் காப்பிக் குடோன் கிடைக்கலாம். கல்யாண மண்டபம் எப்போதும் கிடைக்கும், ஆனால் அதன் பளபள டைல்ஸ் தரை ஒளியை எல்லாப் பக்கமும் திருப்பி அடிக்கும். தறிக்கூடத்தின் சிமெண்ட் தரைக்கு அந்தக் கெடுதல் கிடையாது. எந்த இடமானாலும் டேப் எடுத்துக்கொண்டு போய் முதலில் அளப்பது இரண்டு: சுவரின் அகலம், சுவருக்கு எதிரே புரொஜெக்டர் பின்வாங்கக்கூடிய தூரம். தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ ரேஷியோ. 1.5 என்று போட்ட புரொஜெக்டரில் 3 மீட்டர் அகலப் படம் வேண்டுமென்றால் 4.5 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். பத்தடி அறையில் இது நடக்காது. ஷார்ட் த்ரோ எனப்படும் 0.5 ரகம் வேண்டும், அதை வாடகைக்குப் பிடிப்பது கொஞ்சம் சிரமம்.

அடுத்தது வெளிச்சக் கணக்கு. 3 மீட்டர் அகலம், 16க்கு 9 விகிதம் என்றால் உயரம் 1.69 மீட்டர், பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். லூமன் என்பது புரொஜெக்டர் விடும் மொத்த ஒளி, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன். 3000 லூமன் புரொஜெக்டர் அதில் ஏறத்தாழ 600 லக்ஸ் கொடுக்கும். அந்தச் சுவரில் ஏற்கெனவே 60 லக்ஸ் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தால், படத்தின் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் வித்தியாசம் பதினொரு மடங்கைத் தாண்டாது. நீங்கள் கறுப்பு என்று நினைத்து வைத்தது சாம்பலாக வரும். தறிக்கூடத்தில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டாகிவிட்டது என்று நம்பக் கூடாது. ஓட்டுச் சந்தும் தகரத்தில் விழுந்த ஆணி ஓட்டையும் போதும். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், அப்போதுதான் எத்தனை ஓட்டை என்று தெரியும். ஆன்லைனில் மலிவாக விற்கும் குட்டிப் பெட்டிகளில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமன்களை நம்பவே வேண்டாம். ஆன்சி (ANSI) தரமுறைப்படி அளந்த லூமன் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் சில நூறுதான் இருக்கும்.

சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பர் போதும். வெளிச்சம் முழுசாக அடங்காத இடமென்றால் லேசான சாம்பல் அடியுங்கள். வெள்ளை கொஞ்சம் மங்கும், கறுப்பு ஆழமாகும். கீஸ்டோன் பட்டனைத் தொடாமல் இருப்பது நல்லது. கோணலைச் சரிசெய்கிறேன் என்று அது பிக்சல்களைத் தின்றுவிடும். பாவு இழை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) போன்ற மெல்லிய நேர்கோடுகள் படத்தில் இருந்தால் அவை படிக்கட்டாக உடையும். புரொஜெக்டரையே சுவருக்கு நேராக, மட்டம் வைத்து மாட்டுங்கள். பெட்டியை அசைக்காமல் படத்தை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் இன்னும் வசதி. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகே பொருத்திப் பாருங்கள். லென்ஸ் சூடேறும்போது படம் சற்று நகரும், ஃபோகஸும் மாறும். காலேகா மாதிரி ஓவியத்தின் மேல் பொருத்துகிறவர்களுக்கு அந்த நகர்வு ஒன்றே போதும், மூக்கு கன்னத்துக்குப் போய்விடும்.

ஏற்காட்டில் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பல புரொஜெக்டர்களில் ஹை ஆல்டிட்யூட் மோட் என்று ஒன்று உண்டு. 1,500 மீட்டருக்கு மேலே போடச் சொல்வார்கள். ஏற்காடு ஏறத்தாழ அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. காற்று மெலிந்தால் விசிறி அள்ளும் சூடு குறையும், அதனால் விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும். போட்டால் இரைச்சல் கூடும். மௌனமான படைப்பென்றால் புரொஜெக்டரைப் பார்வையாளர் தலைக்கு மேல் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

திரையாகத் துணியைப் பயன்படுத்துவது சேலத்துக்காரர்களுக்கு இயல்பாக வர வேண்டிய யோசனை. மெல்லிய மல் துணியோ வாயில் துணியோ தொங்கவிட்டால் படம் இரண்டு பக்கமும் தெரியும். மிச்ச ஒளி ஊடுருவி அடுத்த துணியில் விழும். இரண்டடி இடைவெளியில் மூன்று துணி தொங்கவிட்டால் ஒரே படம் மூன்று முறை, ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் விழும். பனிமூட்டத்தின் ஆழத்தை அறைக்குள் காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஆனால் துணியின் பின்பக்கம் நிற்பவர் கண்ணுக்கு நேராக லென்ஸ் இருந்தால் படத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு எரியும். புரொஜெக்டரை உயரத்தில் மாட்டி, லென்ஸும் பார்ப்பவர் கண்ணும் ஒரே கோட்டில் வராதபடி வைத்தால் பொட்டு போய்விடும். துணியின் கீழ்க்கரையில் ஒரு பைப்பைச் சொருகுங்கள், இல்லையென்றால் ஆள் நடக்கும் காற்றுக்கே ஆடும். நெசவாளர்கள் பாவு போடும் திடலான பாவடியில் நீட்டுவது போல வெள்ளைப் பாவு நூலையே நீட்டி அதன் மேல் படம் போடலாம். ஒளியில் ஒரு பங்கு இழையில் நிற்கும், மீதி பின்சுவருக்குப் போகும். இழை நெருக்கம் கூடக் கூடச் சுவருக்குப் போவது குறையும். போடுவதற்கு முன் இழையின் இழுப்பை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைக்கச் சொல்லிப் பாவு போடுகிறவரையே கூப்பிடுங்கள். நாம் செய்தால் நடுவில் தொய்ந்துவிடும்.

இனி தறி. ஓடும் விசைத்தறியை மொபைலில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படத்தில் மேலிருந்து கீழே கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். குற்றம் தறியில் இல்லை, டியூப்லைட்டில். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். மொபைல் தன் பாட்டுக்கு வினாடிக்கு 30 பிரேம், வினாடியில் 60-இல் ஒரு பங்கு ஷட்டர் என்று எடுக்கும். ஒவ்வொரு பிரேமும் விளக்கின் வெவ்வேறு கட்டத்தில் விழுவதால் பட்டை வருகிறது. 25 பிரேம், 50-இல் ஒரு பங்கு ஷட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் விளக்கின் இரண்டு முழுச் சுற்று அடங்கும், பட்டை ஓடிவிடும். கேமராவில் பால் (PAL) என்ற வீடியோ சிஸ்டத்துக்கு மாற்றினால்தான் 25, 50, 100 என்ற எண்கள் கிடைக்கும். என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு சிஸ்டத்தில் இருந்தால் 30, 60, 120 என்றே காட்டும். ஐபோனில் பால் ஃபார்மட்டைக் காட்டு என்று செட்டிங்கில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைப் போட்டால் 25 வந்துவிடும். மலிவு எல்இடி விளக்குகள் மட்டும் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். அந்தக் கூடத்தில் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பட்டை அடங்கும் இடத்தைக் கண்ணால் தேட வேண்டியதுதான்.

ஊடை நூலைச் சுமந்து தறியின் குறுக்கே பறக்கும் நாடாவைப் பிடிக்க ஆசைப்படாதவர் இல்லை. கணக்கைப் பாருங்கள். நாடா வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1.2 மீட்டர் துணி அகலத்தைக் கடக்க 0.12 வினாடி. 25 பிரேமில் அது மூன்றே மூன்று பிரேம். ஒவ்வொன்றிலும் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுபட்ட கோடு. நாடா என்றே தெரியாது. மெதுவாக்க வேண்டுமென்று 120 பிரேம் போட்டால் மறுபடி பட்டை. 100 பிரேம், 100-இல் ஒரு பங்கு ஷட்டர் போடுங்கள். ஒரு பிரேமுக்கு விளக்கின் ஒரு முழுச் சுற்று, பட்டை இல்லை, நான்கு மடங்கு மெதுவாகும், நாடா பன்னிரண்டு பிரேம் நிற்கும். அதற்கு மேல் மெதுவாக்குவது டியூப்லைட் வெளிச்சத்தில் நடக்கிற காரியம் இல்லை. அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலா 1995-இல் வினாடிக்கு 300 பிரேம் ஓடும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 45 வினாடிச் சந்திப்பு ஒன்றை எடுத்துப் பத்து நிமிடமாக நீட்டினார். அந்த வேகத்தில் ஷட்டர் 600-இல் ஒரு பங்கு அளவுக்குப் போகும். நம் 50-இல் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். மென்பொருள் இடைப் பிரேம்களை உருவாக்கித் தரும் என்பார்கள். முகத்துக்குச் சரி, பாவு, அதை ஏற்றியிறக்கும் விழுது, ஊடையை அடித்து நெருக்கும் அச்சு என்று ஒன்றன் பின் ஒன்றாக இழைகள் குறுக்கிடும் தறியில் அது குழம்பி இழைகளை உருக்கி ஒட்டிவிடும்.

பஞ்சுத் தூசி அடுத்த எதிரி. கூடத்துக்குள் லென்ஸைக் கழற்றவே கூடாது. உள்ளே போகும் முன் வேண்டிய லென்ஸை மாட்டிக்கொள்ளுங்கள், 35 மி.மீ. மேக்ரோ கிடைத்தால் ஒன்றே போதும். தூசியை ஊதத் தறிக்காரர் நல்ல எண்ணத்தில் கம்ப்ரஸர் குழாயை நீட்டுவார். அதில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும், அன்போடு மறுத்துவிடுங்கள். கையால் அழுத்தும் ரப்பர் ஊதி போதும்.

ஒலி விஷயத்தில் கேமரா மைக்கை மறந்துவிடுங்கள். கூடத்தின் சத்தம் 90 டெசிபலுக்கு மேல். தானியங்கி லெவல் போட்டிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது குறைத்துக் கூட்டி மூச்சு வாங்கும், தறியின் தாளமே கெட்டுப்போகும். தனி ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி கையால் லெவலைக் கட்டுங்கள். ஒரு பதிவு கூடத்தின் நடுவில், ஒன்று ஒரே ஒரு தறிக்கு ஓரடி தள்ளி, ஒன்று தெருவில் நின்று கதவு சாத்திய பிறகு. மூன்றாவதுதான் அதிகம் பயன்படும் என்பது என் அனுபவக் கணிப்பு. காட்சி அறையில் முழுச் சத்தத்தைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஆட்கள் வெளியேறிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தறியில் கூலி மீட்டர் கணக்கு, அல்லது புடவைக் கணக்கு. “அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, ஆங்கிள் மாத்திக்கிறேன்” என்று நாம் சொல்வது அவர் சம்பாத்தியத்திலிருந்து எடுப்பது. எத்தனை மணி நேரம் தறி நிற்கும் என்று முன்பே பேசி, அந்தக் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு எடுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். எங்கே, யாருக்கு ஓட்டப் போகிறோம் என்பதையும் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கொலுசுப் பட்டறையில் எடுப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வெள்ளி கிடக்கும் இடத்தை அடையாளம் காட்டும் வாசல், பெயர்ப் பலகை எதுவும் பிரேமில் வரக் கூடாது.

மலைக்குப் போவோம். பனிமூட்டம் பார்க்க எளிது, எடுக்கக் கடினம். தானியங்கி எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் நடுத்தர சாம்பலாக்கப் பார்க்கும், வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக வரும். கேமராவின் மீட்டர் காட்டுவதற்கு மேல் ஒரு ஸ்டாப்பிலிருந்து (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஒன்றேகால் வரை ஏற்றிப் பூட்டிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸையும் 5600-க்கும் 6500 கெல்வினுக்கும் நடுவில் ஒரு எண்ணில் பூட்டுங்கள். விட்டால் மூட்டம் நகர நகர நிறம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஊசலாடும். ஆட்டோஃபோகஸ் பிடிக்க விளிம்பே இல்லாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். அருகில் ஒரு சில்வர் ஓக் தண்டைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டுப் பிறகு காட்சியை அமையுங்கள்.

பெரிய சிக்கல் இது எதுவுமில்லை, பேண்டிங். வானம், பனி மாதிரி மெதுவாக மங்கும் பரப்பில் வரைபடக் கோடுகள் போலப் படிப்படியாகத் தெரியுமே, அதுதான். 8 பிட் கோப்பில் வெளிச்சத்துக்கு 256 படிகள். பனிக்காட்சி முழுவதும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும், சுமார் 80 படி. 1920 பிக்சல் அகலத்தில் 80 படியைப் பரப்பினால் ஒரு படி 24 பிக்சல் அகலம். 3 மீட்டர் சுவரில் அது கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் பட்டை. லேப்டாப் திரையில் அது நாலு மில்லிமீட்டர் அளவுதான், கண்ணில் படாது. அறையில்தான் பல்லை இளிக்கும். இதில் லாக் புரொஃபைல் (வெளிச்ச வித்தியாசங்களை நெருக்கிப் பதியும் முறை) போட்டு எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். லாக் என்பது வெயிலும் நிழலும் மோதும் காட்சிக்கு. ஏற்கெனவே மங்கலான காட்சியை அது மேலும் நெருக்கி 40 படிக்குள் அடைக்கும், கிரேடிங்கில், அதாவது நிறம் திருத்தும்போது இழுத்து விரித்தால் படிகள் பிளந்து தெரியும். 10 பிட் கேமரா இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், படிகள் நான்கு மடங்கு. 8 பிட் மட்டும்தான் என்றால் சாதாரண புரொஃபைலில், கேமராவிலேயே காட்சியைச் சரியாக அமைத்துவிடுங்கள். எடிட்டிங்கில் கடைசி அடுக்காக மெல்லிய கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற புள்ளிகள்) சேருங்கள். படிகளின் விளிம்பை அந்தப் புள்ளிகள் கலைத்துவிடும். ஆனால் அந்தக் கிரெய்னைத் தாங்கும் பிட்ரேட் வேண்டும். வினாடிக்கு 8 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் என்கோடர் முதலில் துடைப்பதே அந்தப் புள்ளிகளைத்தான், பேண்டிங் திரும்ப வந்து நிற்கும். 1080-க்கு 40, 50 மெகாபிட் கொடுங்கள்.

ஈரம் பற்றி எல்லோரும் பயப்படுவது தவறான திசையில். சூடான கேமராவை மேலே குளிருக்குக் கொண்டுபோவதில் ஆபத்து குறைவு. லென்ஸில் படியும் பனித்துளியைத் துடைத்தால் சரி. இரவெல்லாம் பகோடா பாயிண்ட் குளிரில் இருந்த கேமராவை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலத்துப் புழுக்கத்தில் பையைத் திறப்பதுதான் கெடுதல். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் உடனே நீராக இறங்கும், கண்ணாடிக்கு உள்ளேயும்கூட. மேலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். கீழே வந்து ஒரு மணி நேரமாவது கழித்துத் திறங்கள். மலையிலேயே குடியிருப்பவர்கள் லென்ஸை ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் டிரை பாக்ஸில் வைக்க வேண்டும். தோல் உறைகளைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை முதலில் பிடிப்பது அதைத்தான்.

பனியின் மேலேயே படம் போட்டால் என்ன என்று ஏற்காட்டைப் பார்த்த யாருக்கும் தோன்றும். தோன்றியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஜப்பானின் ஃபுஜிகோ நகாயா வீடியோ கலையிலும் முன்னோடி. 1970 ஒசாகா எக்ஸ்போவில் பெப்சி அரங்கை உயர் அழுத்த நாசில்களில் வந்த தண்ணீர்ப் பனியால் மூடினார். ஆந்தனி மக்கால் 1973-இல் 16 மி.மீ. புரொஜெக்டரின் ஒளிக்கற்றையையே சிற்பமாக்கினார்: ஒரு புள்ளி முப்பது நிமிடத்தில் வட்டமாகிறது, காற்றில் ஒரு கூம்பு எழுகிறது. அன்றைய நியூயார்க் மாடிகளின் தூசியும் சிகரெட் புகையும் அதைக் காட்டிக்கொடுத்தன. சுத்தமான மியூசிய அறைகளுக்கு இப்போது மெல்லிய மூட்டம் விடும் ஹேஸ் மெஷின் வைக்க வேண்டியிருக்கிறது. டோனி அவர்ஸ்லர் 2000-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் பார்க்கில் மரங்களிலும் புகையிலும் பேசும் முகங்களை ஓடவிட்டார்.

மக்காலிடம் கற்க வேண்டியது, ஆட்களை எங்கே நிறுத்துவது என்பது. பனித்துளி ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் சிதறடிக்கும். புரொஜெக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் மங்கல். எதிர்ப்புறம் நின்று லென்ஸ் இருக்கும் திசையை நோக்கினால் கற்றை பளிச்சென்று நிற்கும். அதனால் பார்வையாளரை ஒளி வரும் திசையைப் பார்க்க வையுங்கள், கண்ணில் நேராக அடிக்காத உயரத்தில். எழுத்து, நுணுக்கம் எதுவும் நிற்காது. கறுப்புப் பின்னணியில் ஒரு முகம், ஒரு கை, ஒரு கோடு நிற்கும். கறுப்பு என்று அனுப்பினாலும் எல்சிடி புரொஜெக்டர் கொஞ்சம் ஒளியைக் கசியவிடும், பனியில் ஒரு செவ்வக மங்கல் குழாய் தெரியும். லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் கறுப்பு அட்டையில் உருவத்தின் அளவுக்குத் துளை வெட்டி வைத்தால் போதும். இயற்கை மூட்டம் சொன்னபடி வராது, வந்தாலும் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாய்ப்பு அதிகம். அறிவித்து ஆட்களைக் கூட்டுவதானால் பின்னணியில் மரமோ துணியோ இருக்கட்டும், பனி விலகினாலும் படம் எதிலாவது விழும். புரொஜெக்டரை வீட்டுக்குள் வைத்துத் திறந்த ஜன்னல் வழியாக வெளியே வீசுங்கள். காற்று உறிஞ்சும் பக்கம் பனி போனால் உள்ளே நனையும். விட்டில்கள் கற்றையைத் தேடி வந்து காற்றுச் சல்லடையை அடைக்கும். காட்டோரமாக இதைச் செய்யாதீர்கள். உரிமையாளர் சம்மதித்த எஸ்டேட் முற்றம் போதும்.

திரும்ப அறைக்கு. பார்ப்பவர் எப்போது வருவார், எப்போது போவார் என்று தெரியாது, ஆகவே படைப்புக்குத் தொடக்கமும் முடிவும் அவர் கையில். இதைச் சிலர் உச்சத்துக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். கிறிஸ்டியன் மார்க்லேயின் 2010 படைப்பு 24 மணி நேரம் ஓடும். திரையில் காட்டும் நேரமும் உங்கள் கைக்கடிகாரமும் ஒன்றாக இருக்கும்படி ஓட்ட வேண்டும். புரூஸ் நாமன் இரவில் தன் ஸ்டுடியோவை அகச்சிவப்பு கேமராவில் எடுத்து 2001-இல் ஏழு திரைகளில் போட்டார், ஒவ்வொன்றும் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்கு நெருக்கம். நமக்கு ஏழெட்டு நிமிட லூப் போதும், ஆனால் தையல் தெரியக் கூடாது. பனியில் தையல் எளிது, கடைசி நாலு வினாடியை முதல் நாலு வினாடி மேல் கரைத்துவிடலாம். தறியில் கரைத்தால் இரண்டு நாடா தெரியும். அங்கே வெட்டத்தான் வேண்டும், அதுவும் தாளத்தில். நாடா இடமிருந்து வலம் போய்த் திரும்பி வந்தால்தான் ஒரு முழுச் சுற்று, அதாவது அச்சு துணியை இரண்டு முறை அடிக்கும். நிமிடத்துக்கு 150 முறை அடிக்கும் தறி 25 பிரேமில் ஒரு அடிக்கு 10 பிரேம் எடுக்கும். லூப்பின் நீளம் 20-இன் மடங்காக இருந்தால் தையல் மறையும். ஒற்றைப்படை அடியில் வெட்டினால் நாடா ஒரே பக்கத்திலிருந்து இரண்டு முறை கிளம்பும், தறி தெரிந்தவர் உடனே சிரித்துவிடுவார். வோல்டேஜ் ஏறி இறங்கினால் வேகமும் மாறும், ஆகவே எண்ணை நம்பாமல் அச்சு துணியை அடிக்கும் பிரேமைக் கண்ணால் பார்த்து வெட்டுங்கள்.

இரண்டு திரை என்றால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அவை சேர்ந்து ஓட வேண்டுமா, விலகி ஓட வேண்டுமா என்பது. விலகி ஓடுவதில் ஓர் அழகு உண்டு. தறி 7 நிமிடம், பனி 11 நிமிடம் என்று வைத்தால் அதே ஜோடி மறுபடி வர 77 நிமிடம் ஆகும். தனித்தனிப் பிளேயர் போதும், ஒத்திசைவுத் தலைவலியே இல்லை. சேர்ந்துதான் ஓட வேண்டுமென்றால் இரண்டு பிளேயரை ஒரே நேரத்தில் அழுத்தும் வித்தையெல்லாம் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் விலகிவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 3840க்கு 1080 என்று ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினிப் பலகையின் இரண்டு எச்டிஎம்ஐ வாயிலிலும் ஒரே நீண்ட திரையாக விரியுங்கள். ஒரே கோப்பு என்பதால் விலக வழியே இல்லை. கோப்பின் சுருக்க முறை எச்.265 ஆக இருக்கட்டும். அதை அந்தப் பலகை வன்பொருளிலேயே பிரிக்கும். பிளேயருக்கு எம்பிவி (mpv) என்ற மென்பொருள், கோப்பை முடிவில்லாமல் சுழற்றும் விருப்பத்தோடு. புரொஜெக்டரின் யுஎஸ்பி வாயிலில் பென்டிரைவைச் செருகினால் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அரை வினாடி கறுப்பும் ஓரத்தில் ஒரு பிளே சின்னமும் வரும். 20 பிரேம் கணக்குப் பார்த்து வெட்டியதெல்லாம் வீண்.

கரண்ட் போவதை விபத்தாக நினைக்காமல் காட்சியின் பாகமாகத் திட்டமிடுங்கள். மலையில் ஒரு மழைக்கு ஒரு மரக்கிளை போதும். ராஸ்பெரி பை ஓடும்போது மின்சாரம் வெட்டினால் எஸ்டி கார்டு கெடும்; அதன் அமைப்பில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதாது, எத்தனை முறை வெட்டினாலும் எழுந்து வரும். புரொஜெக்டரில் மின்சாரம் வந்ததும் தானே ஆன் ஆகும் விருப்பத்தைத் தேடிப் போடுங்கள். சிக்னல் இல்லாதபோது வரும் நீலத் திரையைக் கறுப்பாக மாற்றுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடுக்குத் தட்டினால் மாறும் இடைவெளி குறையும், ராஸ்பெரி பை அணையாமல் தாண்டும். லேம்ப் வைத்த பழைய புரொஜெக்டர் அணைந்தால் ஆறிய பிறகே எரியும், திடீர் வெட்டு லேம்ப் ஆயுளையும் குறைக்கும். தினமும் கரண்ட் போகும் இடத்துக்கு லேசர் ரகமே வாடகைக்கு எடுங்கள். எச்டிஎம்ஐ வயர் பத்து மீட்டரைத் தாண்டினால் ஃபைபர் வயர் வாங்குங்கள். சாதா வயரில் படம் மின்னி மின்னி மறைந்தால் எல்லோரும் புரொஜெக்டரைத்தான் திட்டுவார்கள்.

மாஸ்டர் கோப்பைப் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தரக் கோப்பு வடிவத்தில் வையுங்கள். 1080, 25 பிரேமில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. ஓட்டும் கோப்பு வேறு, மாஸ்டர் வேறு. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். படைப்பை விற்பவர்கள் மூன்றோ ஐந்தோ பிரதி என்று எடிஷன் போடுவார்கள், தனியாக ஓரிரு ஆர்ட்டிஸ்ட் புரூஃப் (கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி). ஒவ்வொன்றோடும் கையெழுத்திட்ட சான்றிதழ் போகும். சான்றிதழைவிட முக்கியம் நிறுவும் குறிப்பு: படத்தின் அகலம், தரையிலிருந்து உயரம், சுவரின் நிறம், ஒலி அளவு, அறை எவ்வளவு இருட்டு, துணி எத்தனை, என்ன நம்பர் நூல். நீங்கள் இல்லாத ஊரில் வேறொருவர் இதைப் படித்துத்தான் மாட்டப் போகிறார்.

அறையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள், பெரிய எழுத்தில், தமிழில்: காலையில் முதலில் மெயின் சுவிட்ச், ஒரு நிமிடம் பொறுக்கவும், படம் வரவில்லையென்றால் மெயினை அணைத்து மறுபடி போடவும், அதற்கும் வரவில்லையென்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். காற்றுச் சல்லடையைத் தினமும் சாயங்காலம் தட்டவும். ரிமோட்டில் பவரைத் தவிர மற்ற பட்டன்களையெல்லாம் டேப் போட்டு மூடிவிடுங்கள். கீஸ்டோன் பட்டன்தான் எல்லோர் விரலுக்கும் முதலில் அகப்படும்.